ஏரா கழன்ற படகுகள்: கடல் மட்டுமா குற்றவாளி?

2014ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி அதிகாலை, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கிழக்குத் தென்கிழக்காக ஏறத்தாழ 720 மைல் தொலைவில், வட அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே 'சீக்கி ரஃபிக்கி' என்னும் பிரித்தானியப் பாய்ப்படகு கவிழ்ந்தது. அதில் இருந்தோர் நால்வர். இருவர் இருபத்திரண்டு வயது இளைஞர்கள். மற்ற இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். அன்ரிகுவாத் தீவில் நடந்த போட்டியில் பங்குபற்றிய படகை இங்கிலாந்தின் சவுத்ஹம்ரன் துறைமுகத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் பயணம் அது. படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்றும், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றும் முதல் நாள் அவர்கள் கரைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தனர். பின்னர் அவர்களின் அபாய அறிவிப்புக் கருவிகளிலிருந்து சமிக்ஞைகள் கிடைத்தன.

அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர் இரண்டு நாட்கள் தேடிவிட்டு நிறுத்தினர். குடும்பத்தினரும் பொதுமக்களும் குரல் எழுப்ப, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட, பிரித்தானிய அரசும் கேட்டுக்கொள்ள, தேடுதல் மீண்டும் தொடங்கியது. மே 23ஆம் திகதி அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று தலைகீழாக மிதந்துகொண்டிருந்த படகைக் கண்டது. நீரில் இறங்கிச் சோதித்தபோது இரண்டு விடயங்கள் தெரியவந்தன. உயிர்காப்பு மிதவை தன் இடத்தில், கட்டியது கட்டியபடியே இருந்தது. படகின் அடியில் இருக்கவேண்டிய ஏரா இல்லை. நால்வரில் எவரும் கிடைக்கவில்லை.

இத்தகைய சம்பவங்களுக்கு எம் மொழியில் 'கடல் கொண்டது' என்று ஒரு சொல் உண்டு. பத்திரிகைத் தலைப்புக்கு அதைவிட வசதியான சொல் வேறில்லை. புயல், பேரலை, மர்மம் என்று அடுத்தடுத்த பந்திகளும் தாமாகவே வந்துவிடும். ஆனால் ஏரா கழன்ற படகுகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் கடலின் பங்கு அவற்றில் சிறிதாகவே தெரிகிறது. கடல் கடைசியாக வந்து கையெழுத்திடுகிறது. மற்றக் கையெழுத்துகள் எல்லாம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கரையில் இடப்பட்டுவிடுகின்றன.

ஏரா என்றால் என்னவென்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். ஆங்கிலத்தில் கீல் எனப்படும் பாகத்துக்கு எமது கப்பற்கட்டுநர்கள் வழங்கிய பெயர் அது. மரக்கலம் கட்டுவோர் முதலில் கிடத்தும் நெடிய மரம் ஏரா. அதன்மேல் வங்குகள் எழும். வங்குகளின் மேல் பலகைகள் ஏறும். மனித உடலில் முதுகெலும்பு எப்படியோ, மரக்கலத்தில் ஏரா அப்படி. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை ஓடிய 'அன்னபூரணி' அத்தகைய கலந்தான். அதன் பலகை பெயரலாம், பாய் கிழியலாம், மரமே உக்கலாம். ஆனால் ஏரா மட்டும் தனியே கழன்று விழுந்தது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஏரா போனால் கலமே இல்லை.

இன்றைய கண்ணாடியிழைப் பாய்ப்படகின் கதை வேறு. அதன் உடல் ஓர் அச்சில் வார்க்கப்பட்ட ஓடு. ஏரா என்பது அந்த ஓட்டின் அடியில், பின்னர் கொண்டுவந்து பொருத்தப்படும் ஒரு கனத்த துடுப்பு. ஈயத்தாலோ வார்ப்பிரும்பாலோ ஆனது. படகின் மொத்த எடையில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ இந்த ஒரு துண்டில் இருக்கும். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சரிக்க, இந்தப் பாரம் கீழிருந்து இழுத்து நிமிர்த்துகிறது. படகு பக்கவாட்டில் வழுக்காமலும் தடுக்கிறது. இத்தனை வேலையையும் செய்யும் துண்டு படகோடு சேர்ந்திருப்பது ஒரு வரிசைப் போல்ற்றுகளால்.

தமிழில் 'கீல்' என்றால் மூட்டு, பொருத்து என்று பொருள். மூட்டு நோயைக் கீல்வாதம் என்பது அதனால்தான். ஆங்கிலக் கீலுக்கும் தமிழ்க் கீலுக்கும் சொல்லளவில் உறவு எதுவும் இல்லை. ஆயினும் நான் இங்கே சொல்லவரும் நோய் ஏராவின் உடலில் வருவதைவிட, அது படகோடு சேரும் மூட்டிலும் அதைச் சுற்றிலுமே அதிகம் வருகிறது.

அந்த மூட்டு எதைத் தாங்குகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஏராவின் எடை 3 தொன் என்றும், அதன் எடைமையம் மூட்டிலிருந்து 1 மீற்றர் கீழே இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பலமான காற்றடித்துப் படகு முற்றாகப் பக்கவாட்டில் விழுந்தால் அந்த 3 தொன்னும் கிடையாக நீட்டிய கை போலத் தொங்கும். ஏராவின் மேற்பக்கம் அகலம் குறைந்தது. இழுவையைத் தாங்கும் போல்ற்றுகளுக்கும் எதிர்ப்பக்க விளிம்புக்கும் இடையே 10 சென்ரிமீற்றர்தான் உண்டு என்றால், அந்தப் போல்ற்றுகளின் மேல் வரும் மொத்த இழுவை 30 தொன். நெம்புகோலின் விதி இது. பாரம் 3 தொன். மூட்டு அனுபவிப்பது அதன் பத்து மடங்கு.

இது படகு விழும் நாளில் வருவது. விழாத நாட்களிலும் மூட்டுக்கு ஓய்வில்லை. படகு காற்றை எதிர்த்து இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஓடும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கப் போல்ற்றுகளின் பாரம் மறு பக்கத்துக்கு மாறுகிறது. ஒவ்வோர் அலையிலும் அது சிறிது ஏறி இறங்குகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், ஒரு தடவையில் முறிக்க முடியாத அது கடைசியில் முறிகிறதல்லவா? உலோகக் களைப்பு என்று பொறியியலாளர் சொல்வது அதைத்தான். வெடிப்பு மயிரிழை அளவில் தொடங்கி, எவர் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் வளரும்.

துரு இன்னொன்று. துருவேறா உருக்கு என்ற பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது. அந்த உருக்கின் மேல் குரோமியத்தால் உண்டாகும் மெல்லிய படலமே அதைக் காக்கிறது. அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒட்சிசன் வேண்டும். படகு உடலுக்கும் ஏராவுக்கும் இடையிலான இடுக்கில் கடல்நீர் கசிந்து தேங்கிவிட்டால் அங்கே ஒட்சிசன் தீர்ந்துவிடும். படலம் அழியும். நீர் தேங்கிய அந்த ஒரு மட்டத்தில் மட்டும் போல்ற் உள்நோக்கி அரிக்கப்பட்டு, கடித்துத் தின்ற அப்பிளின் நடுப்பகுதி போல இடை மெலிந்துவிடும். மேலே படகுக்குள் தெரியும் நட் புத்தம் புதிதாக மினுங்கும். கீழே ஏராவுக்குள் புதைந்த பகுதியும் நன்றாகவே இருக்கும். நோய் இருப்பது இரண்டுக்கும் நடுவில், ஏராவைக் கழற்றினாலன்றிக் காணமுடியாத விரலகல இடத்தில். நட்டை முறுக்கிப் பார்த்து 'இறுக்கமாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுக்கும் பரிசோதனையால் இந்த மெலிவை அறிய முடியாது.

ஆனால் துருவையும் களைப்பையும்விட என்னை அதிகம் சிந்திக்கவைப்பது மூன்றாவது காரணம்: தரைதட்டுதல்.

ஆறு நொற் வேகத்தில் போகும் படகின் ஏரா ஒரு பாறையில் இடித்தால் என்ன நடக்கும்? ஏராவின் அடிநுனி நின்றுவிடும். படகின் உடல் முன்னோக்கிப் போக முயலும். ஏராவின் முன்விளிம்பு படகை விட்டுக் கீழ்நோக்கிப் பிரியப் பார்க்கும். பின்விளிம்பு மேல்நோக்கிக் குத்திப் படகின் அடியை உள்ளே தள்ளும். ஆகவே இடிபட்டது ஏராவின் நுனியாக இருந்தாலும் காயம் படுவது படகின் வயிற்றில், ஏராவின் பின்முனைக்கு மேலே. அங்கே உட்புறத்தில் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். பழைய படகுகளில் அவை ஒவ்வொன்றாக உடலோடு சேர்த்துக் கண்ணாடியிழையால் கட்டப்பட்டவை. பெருந்தொகையாகத் தயாரிக்கப்படும் பல படகுகளில் அந்தச் சட்டங்கள் அனைத்தும் ஒரே தட்டாக வேறோர் அச்சில் வார்க்கப்பட்டு, படகின் ஓட்டுக்குள் இறக்கிப் பசையால் ஒட்டப்படுகின்றன. வேலை விரைவில் முடியும், செலவும் குறையும். ஒட்டு நன்றாக இருக்கும்வரை உறுதிக்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பசை எங்கே பிடித்திருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒட்டு விட்ட இடத்தில் சட்டம் சட்டமாகவே தெரியும். பாரத்தை மட்டும் தாங்காது.

'சீக்கி ரஃபிக்கி' இந்த வகைப் படகு. பிரெஞ்சு நிறுவனமொன்று தயாரித்த 'ஃபேர்ஸ்ற் 40.7' என்ற மாதிரி, ஏறத்தாழ 12 மீற்றர் நீளம், 2006இல் கட்டப்பட்டது. கவிழ்ந்த உடல் மீட்கப்படவில்லை, ஏரா கடலடியில். உயிர்தப்பியவர் எவருமில்லை. எனவே பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவினரிடம் இருந்தவை மிதந்த உடலின் படங்களும், படகின் கடந்தகாலப் பதிவுகளும், அதே மாதிரியைச் சேர்ந்த வேறு படகுகளும்தான். 2015 ஏப்ரலில் வெளியான அவர்களின் அறிக்கை மிக நிதானமான மொழியில் எழுதப்பட்டது. முன்னைய தரைதட்டல்களும், அவற்றுக்குப் பின் செய்யப்பட்ட திருத்த வேலைகளும் ஒன்றுசேர்ந்து ஏரா இணையும் இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும். ஒன்றோ பலவோ போல்ற்றுகளும் பழுதடைந்திருக்கக்கூடும். மோசமடைந்து வந்த கடல்நிலையில் ஏரா பிரிந்தது என்பது அதன் சாரம்.

அந்தத் தரைதட்டல்கள் பெரும்பாலும் 'இலேசானவை' என்றே கருதப்பட்டிருந்தன. இந்தச் சொல்லில்தான் நான் வந்து நிற்கிறேன். எது இலேசு? யாருக்கு இலேசு? படகில் இருந்தவர்கள் சற்றுத் தள்ளாடினார்கள், தேநீர் சிந்தியது, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கினார்கள், படகு விடுபட்டது, அவ்வளவுதான். மனிதர் உணர்ந்த அதிர்ச்சியை வைத்து எடைபோட்டால் அது இலேசானதே. மூட்டு எவ்வளவு உணர்ந்தது என்பதை எவரும் கேட்கவில்லை. இந்த வகைப் படகில் இலேசான தரைதட்டல்கூட உள்ளொட்டைப் பெயர்த்துவிடக்கூடும் என்பதை விசாரணையாளர் தம் அறிக்கையிலேயே எடுத்துக்காட்டினர். ஆகவே 'இலேசாகத் தரைதட்டியது' என்று எழுதுவோர் தாம் பார்க்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்கின்றனர்.

தவறு எப்போதும் தரைதட்டலில் என்று நான் சொல்லவரவில்லை. சில படகுகள் பட்டறையிலேயே நோயோடு பிறக்கின்றன. 1985 ஓகஸ்டில் ஃபாஸ்ற்நெற் ஓட்டப் போட்டியின்போது, பாடகர் சைமன் லு பொன்னின் 'ட்ரம்' என்ற பெரும்படகு இங்கிலாந்தின் ஃபல்மத் கரைக்கப்பால் ஏராவை இழந்து கவிழ்ந்தது. புத்தம் புதிய படகு அது. காரணம் ஏராவைத் தாங்கிய அலுமினிய அமைப்பில் பிழைத்துப்போன வெல்டிங். கவிழ்ந்த உடலுக்குள் சிலர் சிக்கியிருந்தனர். கரை அருகில் இருந்ததாலும் கடற்படை ஹெலிகொப்ரர் விரைந்து வந்ததாலும் எல்லோரும் காப்பாற்றப்பட்டனர். 2002 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கப்பால் 'எக்ஸ்காலிபர்' கவிழ்ந்தபோது அந்த நல்லூழ் இருக்கவில்லை. அறுவரில் நால்வர் மாண்டனர். அதன் ஏரா குறுக்கே வெட்டப்பட்டு மீண்டும் வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. மேலே பூச்சுப் பூசி மினுக்கியபின் எந்தக் கண்ணுக்கு அது தெரியும்?

2007 பெப்ரவரியில் இங்கிலாந்தின் டெவன் கரைக்கப்பால் ஒருவரைப் பலிகொண்ட 'ஹூலிகன் 5' வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே ஏரா உருக்குத் தகடுகளால் உருவாக்கப்பட்டது. வரைந்தவர் ஒன்றை எண்ணினார். செய்தவர்கள் இன்னொன்றைச் செய்தார்கள். வலிமை போதுமா என்ற கணக்கு உரியவாறு சரிபார்க்கப்படவில்லை. பின்னர் வேகத்துக்காக அடியில் பாரமும் கூட்டப்பட்டது. ஒவ்வொருவரும் தமக்கு முன் இருந்தவர் கணக்குப் பார்த்திருப்பார் என்று நம்பினர். களைப்பு தன் வேலையைச் செய்தது.

2015 ஜூலையில் ஸ்பெயின் கரைக்கப்பால் மூழ்கிய 'பொலினா ஸ்ரார் 3' கட்டி ஓராண்டளவே ஆன, பெருஞ்செல்வர் வாங்கும் ஒயிஸ்ரர் நிறுவனப் படகு. அங்கே போல்ற்றுகள் அறவில்லை. ஏரா படகின் அடியையும் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஐவரும் உயிர்தப்பினர். உட்கட்டமைப்பை உருவாக்கிய முறையில் பலவீனம் இருந்திருக்கலாம் என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. போல்ற்றை மட்டும் பரிசோதித்தால் போதும் என்போருக்கு இது பதில். எத்தனை பலமான ஆணியாக இருந்தாலும் உக்கிய சுவரில் என்ன செய்யும்?

உலகப் பாய்ப்படகுச் சங்கத்தின் குழுவொன்று 1984இலிருந்து திரட்டிய ஏரா இழப்புகளின் தொகை எழுபதைத் தாண்டியது. கடலில் திரியும் பல்லாயிரம் படகுகளோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்பார்கள். உண்மைதான், பாய்ப்படகில் போவோரில் மிகப் பெரும்பாலானோர் இதை வாழ்நாளில் காணமாட்டார்கள். ஆனால் பாய்மரம் முறிந்தால் வெட்டிவிடலாம். சுக்கான் போனால் துடுப்பைக் கட்டி ஓட்டலாம். துவாரம் விழுந்தால் அடைக்கலாம், இறைக்கலாம். ஏரா போனால் அவகாசமே இல்லை. பாய்மரத்தின் எடையும் பாயில் அடிக்கும் காற்றும் சில நொடிகளில் படகைத் தலைகீழாக்கிவிடும். உயிர்காப்பு மிதவை, வானொலி, அபாய வெளிச்சம் எல்லாம் படகுக்கு அடியில் போய்விடும். 2011 ஓகஸ்டில் அதே ஃபாஸ்ற்நெற் போட்டியில் 'ராம்ப்ளர் 100' ஏரா முறிந்து கவிழ்ந்தபோது அதில் இருந்தவர்கள் தேர்ந்த மாலுமிகள் 21 பேர். அயர்லாந்துக் கரை அருகில் இருந்ததாலேயே 21 பேரும் மீட்கப்பட்டனர். 'சீக்கி ரஃபிக்கி'யில் கட்டவிழ்க்கப்படாமல் கிடந்த மிதவை, கரையின்றி நடுக்கடலில் நேர்ந்தால் அந்தச் சில நொடிகள் போதா என்பதற்குச் சாட்சி.

2008 ஜூனில் மெக்சிக்கோ வளைகுடாவில் 'சிந்தியா வூட்ஸ்' என்ற பல்கலைக்கழகப் படகு இவ்வாறே கவிழ்ந்தது. உள்ளே இருந்த பாதுகாப்பு அலுவலர் தம்மோடிருந்த மாணவர் இருவரை வெளியே தள்ளிவிட்டுத் தாம் வெளியேற முடியாமல் மாண்டார். மற்ற ஐவரும் நான்கு உயிர்காப்பு அங்கிகளைப் பகிர்ந்துகொண்டு 26 மணி நேரம் மிதந்தனர். அந்தப் படகும் முன்னர் தரைதட்டித் திருத்தப்பட்ட படகு.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 'சீக்கி ரஃபிக்கி'யை நடத்திய நிறுவனத்தின் பணிப்பாளர் பிரித்தானியாவில் வழக்கை எதிர்கொண்டார். படகைப் பாதுகாப்பாக இயக்கத் தவறினார் என்ற குற்றம் 2017இல் நிரூபணமாயிற்று. பாரதூரமான கவனயீனத்தால் நால்வரின் மரணத்துக்குக் காரணமானார் என்ற குற்றச்சாட்டில் முதல் யூரிகள் முடிவுக்கு வரமுடியாமற்போக, 2018இல் மறு விசாரணை நடந்து விடுதலையானார். முன்னைய குற்றத்துக்கு 15 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. குடும்பங்களின் வேதனை எத்தகையதென்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் யூரிகளை நான் குறைகூறமாட்டேன். குற்றவியல் நீதிமன்றம் ஒரு மனிதரின் கையைத் தேடும் இடம். இங்கே கைகள் பல. படகை வடிவமைத்தவர், ஒட்டியவர், தரைதட்டியவர், திருத்தியவர், பார்த்தவர், பார்க்காமல் விட்டவர் என ஒவ்வொருவரிடமும் பிழை உண்டென்றால்கூட, அதில் ஒரு துணுக்கே இருக்கும். எந்தத் துணுக்கும் தனியே ஒருவரைக் கொலையாளியாக்கும் அளவுக்குப் பெரிதல்ல.

அந்த விசாரணைகளில் வெளிப்பட்ட இன்னொரு விடயம் போதிய கவனத்தைப் பெறவில்லை. வணிகப் படகு என்ற முறையில் அது பெற்றிருந்த சான்றிதழ், பாதுகாப்பான துறையிலிருந்து 60 மைல்களுக்குள் இயங்குவதற்கானது. அத்திலாந்திக்கைக் கடக்கும் பயணம் வணிகப் பயணமா, உல்லாசப் பயணமா என்பது வாதத்துக்குரியதாயிற்று. வணிகமென்றால் பரிசோதனை, சான்றிதழ், எல்லை எல்லாம் உண்டு. உல்லாசமென்றால் பிரித்தானியச் சட்டத்தில் தனியார் சிறுபடகுக்குக் கட்டாயக் காலமுறைப் பரிசோதனையே கிடையாது. ஒரே படகு, ஒரே போல்ற்றுகள், ஒரே கடல். யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஏராவைப் பார்க்க வேண்டுமா இல்லையா என்பது தீர்மானமாகிறது. இதைச் சுதந்திரம் என்று போற்றுவோர் உண்டு. தன் படகில் தனியே போகிறவரின் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். அந்தப் படகு நாளை விற்கப்படும், வாடகைக்கு விடப்படும், இருபத்திரண்டு வயதுப் பிள்ளையொன்று அதில் ஏறும் என்பதே என் கவலை.

முன்னேற்றம் இல்லாமல் இல்லை. சர்வதேசத் தர நிறுவனம் 2012இல் ஏரா முதலிய உறுப்புகளுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. படகு பக்கவாட்டில் முற்றாகச் சாய்வது, தரையில் இடிப்பது ஆகிய நிலைகளுக்கு ஏராவின் பொருத்து தாங்குமா என்று இப்போது கணக்குக் காட்டவேண்டும். நெடுந்தூரப் போட்டிகளுக்குச் செல்லும் படகுகளின் ஏராவைத் தகுதியுள்ளவர் பரிசோதித்திருக்க வேண்டும் என்று உலகப் பாய்ப்படகுச் சங்கமும் விதித்துள்ளது. ஆனால் புதிய தரம் புதிய படகுகளுக்கு; போட்டி விதி போட்டிப் படகுகளுக்கு. உலகத் துறைகளில் கட்டிக் கிடப்பவற்றில் பெரும்பகுதி இரண்டிலும் சேராதவை. கண்ணாடியிழை உக்காது என்பதால் முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஓடு உக்காது, மூட்டுக்கு அந்த வரம் இல்லை.

நோய் தெரியாதென்று முன்னர் எழுதினேன். அறிகுறிகளே இல்லையென்று சொல்லவில்லை. ஏராவின் முன்முனையில் படகோடு சேரும் இடத்தில் ஒரு கோடு வாய் பிளக்கும். மேலைநாட்டு மாலுமிகள் அதைப் 'புன்சிரிப்பு' என்று கேலியாகச் சொல்வதுண்டு. சிரிப்பது யார் என்பதுதான் கேள்வி. அந்தக் கோட்டில் துருநீர் வழியும். உள்ளே ஏராவின் பின்முனைக்கு மேல் சட்டங்களில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால் ஒட்டியுள்ள இடத்தின் ஒலிக்கும் ஒட்டு விட்ட இடத்தின் ஒலிக்கும் வேறுபாடு கேட்கும். தரைப்பலகைகள் இறுகும், அறைக் கதவுகள் நேற்றுவரை மூடியவை இன்று மூடா. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத நீர். படகின் அடிவயிற்றில் ஓர் அங்குலம் நீரைக் கண்டால் சுவைத்துப் பார்த்து உப்பா, குடிநீரா என்று அறிவது பழைய மாலுமிகளின் பழக்கம். உப்பாக இருந்து, குழாய்களிலும் வால்வுகளிலும் கசிவு இல்லையென்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது ஏரா போல்ற்றுகளின் அடி. அத்திலாந்திக் நடுவில் இதை அறிந்து பயன் சொற்பம். துறையில் கட்டியிருக்கும் நாளில் அறிந்தால் ஓர் உயிர் மிஞ்சும்.

துறையில் கட்டியிருக்கும் நாளில் ஏன் அறிவதில்லை? இங்கேதான் இரும்பைவிட மனிதரின் கணக்கு குறுக்கே வருகிறது. வாடகைப் படகு எடுப்பவர் முற்பணம் கட்டுகிறார். திருப்பிக் கொடுக்கும்போது 'எங்காவது தரைதட்டியதா?' என்ற கேள்வி எழும். 'ஆம்' என்றால் சுழியோடி இறக்கப்படுவார், படகு மேலே தூக்கப்படும், அந்தச் செலவு முற்பணத்திலிருந்து கழியும். 'இல்லை' என்றால் பணத்தை வாங்கிக்கொண்டு விமானம் ஏறலாம். உண்மை சொல்பவருக்குத் தண்டமும் பொய் சொல்பவருக்குப் பணமும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் எத்தனை பேர் உண்மை சொல்வார்கள்? உரிமையாளரும் வேறு நிலையில் இல்லை. தரைதட்டியதைப் பதிவுசெய்தால் காப்புறுதியும் விற்பனை விலையும் பாதிக்கப்படும். ஆகவே 'இலேசாக' என்ற சொல்கூடச் சில படகுகளின் பதிவேட்டில் ஏறுவதில்லை. நாலாவது உரிமையாளர் நல்ல வெயில் நாளில் புதுப்பூச்சுப் பூசிய படகை வாங்குகிறார். அவருக்குக் கிடைக்கும் கோப்பில் இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றிய திகதிகள் எல்லாம் இருக்கும். பாறையில் இடித்த திகதி மட்டும் இராது.

விமானத்துக்குப் பதிவேடு உண்டு. கடுமையாகத் தரையிறங்கினால் எழுதவேண்டும், எழுதினால் சோதிக்கவேண்டும், சோதித்தபின்பே பறக்கவேண்டும். அதே ஒழுங்கைக் கடலோடும் சிறுபடகுக்கும் கேட்பது பேராசையல்ல. தயாரிப்பாளர்கள் போல்ற்றுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சட்டங்களையும் தளபாடத்தாலும் தண்ணீர்த் தொட்டியாலும் மறைக்காமல், கையும் விளக்கும் போகும்படி விடவேண்டும். ஒட்டுத்தட்டு முறையில் கட்டிய படகை எப்படிச் சோதிப்பது, எப்படித் திருத்துவது என்ற கையேட்டை விற்பனையின்போதே கொடுக்கவேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் கப்பலோட்டும் நாடுகளின் பாராளுமன்றங்களைவிட விரைவாக இதைச் செய்விக்கக்கூடியவை: தரைதட்டியதை உடனே அறிவித்தவருக்குப் பரிசோதனைச் செலவைத் தாமே ஏற்று, மறைத்தவரின் கோரிக்கையை மறுத்தால் போதும். வாடகை நிறுவனங்கள் முற்பணத்தையும் தரைதட்டல் அறிவிப்பையும் பிரித்துவிட வேண்டும். அறிவித்தவரிடம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. சுழியோடிக்கும் தூக்கும் பொறிக்கும் ஆகும் செலவை எல்லா வாடகையாளரிடமும் சிறு கட்டணமாக முன்கூட்டியே வாங்கிவிடலாம்.